பையன் பேசுறான், கணக்குச் சொல்றான், வாசிக்க மட்டும் வரலை: மதிப்பீட்டுக்கு எப்படி அனுப்புவது?

கரும்பலகை (சாக்கோட்டை ஒன்றியம்):

எல்லோருக்கும் வணக்கம். அரசு உதவி பெறும் நடுநிலைப்பள்ளி, நாலாம் வகுப்பு. ஒரு பையன். கேள்வியை வாயால் கேட்டால் டக்கென்று பதில் வருகிறது. நூறு ரூபாய் கொடுத்து முப்பத்தேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு என்றால் விரல் மடக்காமல் சொல்கிறான். புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் வாயடைத்துப் போகிறான். எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளில் கூடப் படிக்கிற பிள்ளைகள் பாதிக்கு மேல் மலருக்குப் போய்விட்டார்கள், இவன் இன்னும் அரும்பில்தான். இப்போதெல்லாம் வாசிப்பு நேரம் வந்தாலே வயிற்றுவலி, இல்லாவிட்டால் ஒண்ணுக்கு.

ஒன்றிய வள மையம் நடத்துகிற முகாமுக்கு அனுப்புவதா, காரைக்குடி ஜி.ஹெச்.சா, நேரே சிவகங்கை மெடிக்கல் காலேஜா? கடிதத்தில் "டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) என்று சந்தேகம்" என்று எழுதலாமா? ஐ.க்யூ. (நுண்ணறிவு) டெஸ்ட் கட்டாயமா? எட்டாவது வரைக்கும் ஃபெயில் கிடையாது, எதற்கு டெஸ்ட் எடுத்துப் பையன் பெயரைக் கெடுக்க வேண்டும் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சும் ஓடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பள்ளி பெயர், பையன் பெயர் வேண்டாமென்று விட்டிருக்கிறேன்.

வளமையத்து ஆள் (சிறப்பாசிரியர், தேவகோட்டை பக்கம்):

பெயர் போடாதது நல்லது டீச்சர். நோட்டுப் பக்கத்தைப் பெயரோடு படமெடுத்து குரூப்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஸ்டாஃப் ரூம் பேச்சுக்கு முதலில் பதில். எட்டாவது வரை ஃபெயில் இல்லை என்பதால்தான் இந்தப் பிள்ளைகள் கண்ணில் படாமல் போகிறார்கள். ஒன்பதாவதில் அஞ்சு பாடமும் ஒரே நேரத்தில் தலையில் விழும்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு ஓடி, கற்றல் குறைபாட்டுச் சான்று வாங்கிப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குச் சலுகை கேட்பதற்குள் வருஷம் முடிந்துவிடும். 2018 ஜனவரியில் மத்திய அரசு அரசிதழில் வந்த மாற்றுத்திறன் மதிப்பீட்டு நெறிமுறையே மூன்றாம் வகுப்பு அல்லது எட்டு வயது, எது முந்தியோ அப்போது ஆசிரியர் முதற்கட்டமாகப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு பள்ளியிலும் தலைமையாசிரியர் தலைமையில் அதற்கொரு குழு இருக்க வேண்டும் என்றது. நாலாம் வகுப்பு என்பது தாமதமே தவிர அவசரமில்லை.

இப்போது வேலை. எங்கேயும் அனுப்புவதற்கு முன்னால் கண்ணும் காதும். ஆர்.பி.எஸ்.கே. (தேசியக் குழந்தைகள் நலத் திட்டம்) நடமாடும் மருத்துவக் குழு வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கு வருகிறது. குழு வந்த தேதியை வருகைப் பதிவேட்டோடு ஒத்துப் பாருங்கள். அன்று பையன் லீவாக இருந்தால், "ஸ்கூல்ல பாத்தாச்சு" என்பது அவனுக்குப் பொருந்தாது. சளிக்காது உள்ள பிள்ளை முன் பெஞ்சில் உட்கார்ந்தால் கேட்கும், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் கேட்காது. கேள்விக்குப் பதில் சொல்கிறானே என்று காதை விட்டுவிடாதீர்கள், உதட்டைப் பார்த்தும் பதில் வரும்.

அடுத்தது ஆறு வாரம். இதைச் சொன்னால் எல்லோருக்கும் சலிப்பு, ஆனால் இதுதான் மொத்த வேலையிலும் கனமான பகுதி. தினமும் 20 நிமிஷம் தனியாக, நாலைந்து எழுத்து வரிசை மட்டும் எடுத்துச் சொல்லிக்கொடுங்கள். வாரா வாரம் ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், அவன் நிலைக்கேற்ற புதுப் பத்தி ஒன்றைக் கொடுத்து ஒரு நிமிஷத்தில் எத்தனை வார்த்தை சரியாக வாசித்தான் என்று எண்ணிக் குறித்து வையுங்கள். ஆறு எண்கள் கிடைக்கும். 8, 9, 12, 15, 19, 22 என்று ஏறினால் பையனுக்கு இதுவரை சரியாகச் சொல்லிக்கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். 8, 9, 8, 10, 9, 9 என்று நின்றால் அனுப்ப வேண்டிய பிள்ளை. சொல்லித் தரப்படாததையும் சொல்லித்தந்தும் ஏறாததையும் பிரித்துக் காட்ட வேறு வழி பள்ளிக்கூடத்தில் இல்லை.

எந்தப் பிழையைக் கணக்கில் எடுப்பது என்பதிலும் தடுமாறுகிறார்கள். பழத்தைப் பளம் என்றும் மழையை மளை என்றும் எழுதுவது நம்ம பக்கத்துப் பேச்சு. பேசுகிறபடி எழுதுகிறான், அதைக் குறைபாட்டுப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ர-ற, ன-ண மாறுவதும் நாலாம் வகுப்பில் பாதிப் பேருக்கு உண்டு. பார்க்க வேண்டியவை வேறு. ஒற்று விழுந்துபோவது: "பக்கம்" பகமாகும். குறில் நெடில் நிலையில்லாமல் ஆடுவது: "தேன்" ஒரு வரியில் தென், அடுத்த வரியில் தேன். கொம்பும் காலும் இருபக்கமும் நிற்கிற எழுத்துகளில் தடுக்கி விழுவது: "கொடி"யை "கெ... கெ..." என்று இழுத்து, துணைக்காலைத் தனி எழுத்தாக நினைத்து நிற்பது. முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிப்பது: மரம் என்று இருக்கும், மகன் என்று வாசிப்பான். ஒரே வார்த்தையை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக வாசிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய அடையாளம்.

இன்னொன்று, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுங்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருதரம் நிமிர்ந்தால் ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தையைக் கண்ணில் பிடித்துக்கொண்டு குனியும். இந்தப் பிள்ளைகள் எழுத்துக்கு எழுத்து நிமிர்வார்கள், "பள்ளிக்கூடம்" எழுதி முடிப்பதற்குள் ஏழு எட்டுத் தடவை. சோம்பேறி என்று நாம் நினைக்கிற பையன் அடுத்தவனைவிட மூன்று மடங்கு உழைத்துக்கொண்டிருப்பான்.

கடிதத்தில் நோய்ப் பெயர் எழுதவே வேண்டாம். டிஸ்லெக்சியா, ஸ்லோ லேர்னர், எம்.ஆர். (மனவளர்ச்சி குன்றியவன்) எதுவும் கூடாது. பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "ஆறு வாரத் தனிப்பயிற்சிக்குப் பிறகு நிமிஷத்துக்கு 9 வார்த்தை. வாய்மொழிக் கணக்கில் வகுப்புக்கேற்ற திறன். வாசிப்பு நேரத்தில் வாரம் மூன்று முறை வயிற்றுவலி என்கிறான், விளையாட்டு நேரத்தில் ஒருமுறையும் இல்லை. கண், காது பரிசோதித்த தேதி இது. வருகை நாட்கள் இவ்வளவு. வீட்டில் பேசும் மொழி தமிழ்." இவ்வளவு போதும், ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். நோய்ப் பெயரோடு போகிற கடிதத்தால் ரெண்டு கெடுதல்: பார்க்கிறவர் அந்த ஒன்றையே தேடுவார், வீட்டுக்காரர்கள் அந்த ஒரு வார்த்தையை மட்டும் படித்துவிட்டு வராமலே இருந்துவிடுவார்கள்.

குறைபாடுள்ள பிள்ளைகளைப் பதிகிற நலம் நாடி செயலியில் பதியும்போதும் இதே எச்சரிக்கை. சந்தேகம் என்று எல்லாப் பெட்டியிலும் டிக் அடித்தால் பையன் அறிவுசார் குறைபாட்டுக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடுவான். எமிஸில் (கல்வித் துறையின் இணையப் பதிவில்) ஏறியதை இறக்குவது ஏற்றுவதைவிடப் பெரிய பாடு.

வட்டமும் சதுரமும் (மருத்துவ உளவியலாளர்):

மேலே சொன்னதில் ஆறு வார எண்களுக்கு ஒரு கும்பிடு. அந்தத் தாள் கையில் இருந்தால் எனக்கு ஒரு முழு அமர்வு மிச்சம்.

எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு: ஒன்றிய முகாம் பதிவுக்கும் உதவி உபகரணங்களுக்கும் நல்ல இடம், ஆனால் வாசிப்புச் சிக்கலைக் கண்டுபிடிக்கிற இடம் அல்ல. ஒரே நாளில் அத்தனை பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது ஒருவனுக்குப் பத்து நிமிஷம் கிடைத்தால் அதிகம். ஒழுங்கான மதிப்பீட்டுக்கு ரெண்டு மூன்று அமர்வு தேவை. சிவகங்கை மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவும், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கிற மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையமும் உண்டு. காரைக்குடி அரசு மருத்துவமனையில் முதலில் குழந்தை மருத்துவரைப் பார்த்து, அவர் சீட்டோடு சிவகங்கைக்குப் போனால் அலைச்சல் குறையும். போகும் நாளில் சோதனை எடுக்கிறவர் இருப்பாரா என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். 45 கிலோமீட்டர் பஸ்ஸில் போய் "அடுத்த வாரம் வாங்க" என்றால் அந்த அம்மா மறுபடி வரமாட்டார், கூலி ஒரு நாள் போச்சு.

தனியாரிடம் போனாலும் தப்பில்லை. ஒன்றே ஒன்று பார்க்க வேண்டும்: அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் மருத்துவ உளவியலாளராகப் பதிவு எண் இருக்க வேண்டும். கவுன்சிலிங் டிப்ளமா வைத்திருப்பவர் பேசலாம், ஆறுதல் சொல்லலாம், ஐ.க்யூ. அறிக்கை தர முடியாது. எண் இல்லாத அறிக்கையைச் சான்று தருகிற மருத்துவ வாரியம் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து எடுக்கச் சொல்லும். கட்டின காசு போனது போனதுதான்.

ஐ.க்யூ. கட்டாயமா என்றால், கற்றல் குறைபாட்டுச் சான்று வேண்டுமென்றால் ஆமாம். பையனை முட்டாள் என்று சொல்வதற்கில்லை, நேர்மாறாக, அவன் புத்தியில் குறையில்லை என்று எழுத்தில் காட்டுவதற்கு. 2018 நெறிமுறையில் நுண்ணறிவு 85-க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கே போனார்கள். 2024 மார்ச்சில் புது நெறிமுறை வந்திருப்பதால் வாரியத்தில் நடப்பு முறையை ஒருதரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அறைக்குள் என்ன நடக்கும் என்பதை வீட்டில் சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். முதல் அமர்வு பெரும்பாலும் பெற்றோருடன், ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. பிறந்ததும் அழுதானா, எடை எவ்வளவு, எப்போது நடந்தான், எப்போது ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசினான், ஜன்னி வந்ததா, அப்பா சித்தப்பா யாருக்காவது எழுத்து வராமல் இருந்ததா. பிரசவ அட்டை இருந்தால் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். அம்மாக்கள் எடையை மறந்துவிடுவார்கள், அட்டை மறக்காது.

பையனுக்கு அடுத்த அமர்வு. செகுவின் பலகை என்று ஒன்று இருக்கிறது, பத்து மரத்துண்டு: வட்டம், சதுரம், நட்சத்திரம், சிலுவை இப்படி. கலைத்து வைத்துவிட்டு அதது குழியில் போடச் சொல்வோம். மூன்று முறை, அதில் குறைந்த நேரம்தான் கணக்கு. இவன் முதல் தடவை தடுமாறி, மூன்றாவது தடவையில் மளமளவென்று போட்டால் அது எனக்கு ஒரு சேதி: கற்றுக்கொள்கிறான். ராவன் வண்ணப் படங்கள் 36, ஓட்டை விழுந்த கோலத்துக்கு ஆறு துண்டில் எது பொருந்தும் என்று விரல் வைத்தால் போதும், எழுத்தே கிடையாது. பினே-காமத், மாலின் அளவுகோல் மாதிரியான நுண்ணறிவுச் சோதனைகளில் வாய்மொழிக் கேள்விகள் வரும். வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலில் 89 விவரம், அதைப் பெற்றோரிடமே கேட்போம்: தானே குளிப்பானா, கடைக்குப் போய்ச் சில்லறை சரியாக வாங்கி வருவானா.

பிறகு வாசிப்பு, எழுத்து, கணக்கு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பு இருக்கிறது, 5-7 வயதுக்கு ஒரு நிலை, 8-12 வயதுக்கு ஒரு நிலை. தமிழ் வாசிப்பைப் பார்க்கப் பாடநூலையே வைத்துக்கொள்கிற இடங்களும் உண்டு. அதனால் ரெண்டாம், மூன்றாம், நாலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்களைப் பையில் போட்டு அனுப்புங்கள். திருத்தாத நோட்டு ஒன்றும் வேண்டும். நீங்கள் சிவப்பு மையில் சரிசெய்து, அவன் அதைப் பார்த்து மறுபடி எழுதிய நோட்டில் எனக்கு ஒன்றும் தெரியாது.

எண் வந்ததும் எல்லோரும் அந்த எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். 72-க்கும் 68-க்கும் நடுவில் ஒரு காய்ச்சல், ஒரு பட்டினிக் காலை, ஒரு முரட்டுக் குரல் போதும். அறிக்கையில் எண்ணுக்குக் கீழே இருக்கிற பத்தியைப் படியுங்கள்: எதில் வலு, எதில் தடுக்கல், வகுப்பில் என்ன மாற்ற வேண்டும். அந்தப் பத்தி இல்லாத அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து எழுதி வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள்.

70-க்கும் 84-க்கும் நடுவில் விழுகிற பிள்ளைகள்தான் பாவம். அறிவுசார் குறைபாட்டுச் சான்றும் கிடையாது, கற்றல் குறைபாட்டுச் சான்றும் கிடையாது. வகுப்பில் அதிகம் சிரமப்படுவது அவர்கள்தான். அவர்களுக்குச் சட்டத்தில் பெயர் இல்லை, ஆசிரியர் கையில் மட்டுமே இருக்கிறார்கள். கவனக்குறைவு-மிகைச் செயல்பாடும் அதே கதை: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் அது தனியாக இல்லை. சிகிச்சை உண்டு, மாற்றுத்திறனாளி அட்டை இல்லை.

கரும்பலகை:

ரெண்டு பேருக்கும் நன்றி. ஆறு வாரத் தாளை நாளைக்கே ஆரம்பிக்கிறேன். இன்னும் ரெண்டு சிக்கல். பையனின் அப்பா சிங்கப்பூரில், அம்மா திருப்பூரில் வேலை. வளர்ப்பது அப்பத்தா. கையெழுத்து யார் போடுவது? அப்பத்தாவிடம் பேச்செடுத்தாலே "எம் பேரனுக்கு என்ன கிறுக்கா" என்கிறார், குன்றக்குடியில் மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார்.

மற்றொன்று, மூன்றாம் வகுப்பில் புதுவயல் அரிசி ஆலையில் வேலைபார்க்கும் ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளை. பேசவே மாட்டேனென்கிறாள். அவளையும் சேர்த்து அனுப்பலாமா?

பழைய ஹெச்.எம்.:

கையெழுத்து விஷயம் நான் சொல்கிறேன். அம்மா கையெழுத்து போதும், அப்பா வரும்வரை காத்திருக்க வேண்டாம். அம்மாவும் ஊரில் இல்லையென்றால், "என் மகனை இன்ன காரணத்துக்காக மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்ல என் மாமியாருக்குச் சம்மதம் தருகிறேன்" என்று அம்மா கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலோடு அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு, அசலைத் தபாலில் வாங்கிவிடுங்கள். முதல் அமர்வில் பிறப்பு விவரம் கேட்பார்கள் என்று மேலே சொன்னாரே, அதற்கு அம்மா போனிலாவது இருக்க வேண்டும். தீபாவளி, பொங்கல் லீவுக்கு அவர் வருகிற நாளை ஒட்டித் தேதி வாங்குவது புத்திசாலித்தனம்.

சம்மதம் எழுத்தில் இல்லாமல் பிள்ளையைப் பள்ளி வண்டியில் ஏற்றிக் கூட்டிப்போகிற வீரம் வேண்டாம். நல்ல எண்ணத்தில் செய்தாலும் பிறகு யாரும் கூட நிற்கமாட்டார்கள்.

அப்பத்தாவிடம் மனநலம், டெஸ்ட் என்று தொடங்கினால் கதவு சாத்திக்கொள்ளும். அதற்காகக் கண் பரிசோதனை என்று பொய் சொல்லிக் கூட்டிப்போவது அதைவிட மோசம். ஆஸ்பத்திரியில் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அங்கேயே சண்டை வரும். உள்ளதைச் சொல்லுங்கள்: "அப்பத்தா, உங்க பேரன் கணக்குல சூரன். காதால கேக்குறது உள்ள போகுது, எழுத்துல மட்டும் எங்கேயோ தங்குது. எங்க தங்குதுன்னு பாத்துச் சொல்ற ஆளு இருக்காக. அதத் தெரிஞ்சுக்கிட்டா நான் சொல்லிக்குடுக்குற முறைய மாத்திக்குவேன்." நம்முடைய முறையை மாற்றிக்கொள்ளத்தான் இது என்று சொன்னால் அப்பத்தாவுக்குக் கௌரவம் போகாது. கயிற்றை அவிழ்க்கச் சொல்லாதீர்கள். கயிறும் இருக்கட்டும், ஆஸ்பத்திரியும் போகட்டும்.

காகிதம். பெயர், அனுப்பிய தேதி, எங்கே, சம்மதக் கடிதம், திரும்பி வந்த அறிக்கை, அடுத்துப் பார்க்க வேண்டிய தேதி என்று தனிப் பதிவேடு போடுங்கள். அதைத் தலைமையாசிரியர் பீரோவில் பூட்டி வையுங்கள். வகுப்பாசிரியர், சிறப்பாசிரியர் தவிர யாருக்கும் அறிக்கை போகக்கூடாது, ஆனால் மாறுதலில் போகும்போது அடுத்த ஆசிரியர் கையில் கட்டாயம் சேர வேண்டும். மே மாதம் பதிவேடு தொலைந்து, ஜூனில் புது ஆசிரியர் மறுபடி கண் காது என்று தொடங்குவதுதான் எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது.

சான்று கிடைத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பம், ஆதார், போட்டோ வேண்டும். 2018 நெறிமுறைப்படி கற்றல் குறைபாட்டுச் சான்று எட்டு வயதுக்குப் பிறகுதான், 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு என்று இருந்தது. 14 வயது என்பது ஒன்பதாம் வகுப்பு. பலர் அதை மறந்துவிட்டு, பத்தாம் வகுப்பில் பழைய சான்றை இணைத்து அனுப்பிவிட்டுத் திரும்பி வந்ததும் முழிக்கிறார்கள். பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைத் தேர்வுத் துறை தருகிறது. பள்ளி மூலமாக, குறித்த தேதிக்குள் கேட்க வேண்டும். சொல்வதை எழுதுபவர் என்பது தேர்வு அன்றைக்குத் திடீரென்று வந்து உட்கார்கிற காரியம் இல்லை. வாய்விட்டுப் பதில் சொல்ல ஒரு வருஷமாவது பழக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், எழுதுகிறவர் பேனாவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வட்டமும் சதுரமும்:

ஒடிசாப் பிள்ளையைப் பற்றி: அவசரப்பட வேண்டாம். புது மொழிக்குள் வந்த பிள்ளை சில மாதம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. தமிழில் ஐ.க்யூ. எடுத்தால் வருவது அவள் புத்தியின் அளவாக இருக்காது, தமிழின் அளவாகத்தான் இருக்கும், அந்த எண் காகிதத்தில் நின்றுவிடும். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: வீட்டில் தாய்மொழியில் நன்றாகப் பேசுகிறாளா? ஆலைக் குடியிருப்பில் கூடப் பிறந்தவர்களோடு கத்தி விளையாடுகிறாள் என்றால் காத்திருங்கள், பேசும் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். வீட்டிலும் பேச்சில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் காத்திருக்கக் கூடாது, காது பரிசோதனையிலிருந்து உடனே தொடங்க வேண்டும். அனுப்பினால் கடிதத்தில் முதல் வரி வீட்டு மொழியாக இருக்கட்டும். எழுத்தில்லாத படச்சோதனை, மரப்பலகை, மொழிபெயர்க்க வீட்டு ஆள் என்று பார்க்கிறவர் ஏற்பாடு செய்துகொள்வார்.

மணியடிச்சாச்சு (பள்ளி ஆலோசகர்):

ஆறு வாரம், பதிவேடு, தேதி வாங்குவது எல்லாம் படிப்புச் சிக்கலுக்கு. இந்த இழையைப் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஆறு வாரம் காத்திருக்கப் போகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

"செத்துப்போகலாம்னு இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னாலோ, நோட்டில் எழுதினாலோ, கையில் கீறல் கண்டாலோ அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே வேலை. தனியாக விடாதீர்கள், ஒண்ணுக்குப் போனாலும் கூட ஒருவர். நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம், கேட்டால்தான் பிள்ளை மூச்சு விடும். வீட்டுக்குப் போன் போட்டு, பெரியவர் வந்து கூட்டிப்போகும்வரை அனுப்பக்கூடாது. வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரை டப்பா இருந்தால் பூட்டி வைக்கச் சொல்ல வேண்டும், கூச்சப்படாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 14416 டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி எண்), 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், ஆசிரியரும் கூப்பிட்டு யோசனை கேட்கலாம். அதே நாளில் அல்லது மறுநாள் காலையில் மனநல மருத்துவர். "அடுத்த முகாமில் பார்ப்போம்" கிடையாது.

பாலியல் தொல்லை என்று பிள்ளை சொன்னால் அது கவுன்சிலிங் விஷயமே இல்லை. போக்சோ (சிறார் பாலியல் குற்றத் தடுப்பு) சட்டம் 19-ஆம் பிரிவுப்படி போலீஸுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காவிட்டால் தண்டனை உண்டு, நிறுவனத் தலைவர் என்றால் ஓராண்டு வரை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம். பள்ளிக்குள் விசாரணைக் கமிட்டி போட்டு, பிள்ளையை நாலு பேர் முன்னால் நாலு தடவை சொல்ல வைப்பதுதான் வழக்கமாக நடக்கிற கேடு. பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதித் தேதி போடுங்கள், கேள்வி கேட்டுத் துருவாதீர்கள்.

நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது: திடீரென்று ஒதுங்குகிறவர்கள், காரணமில்லாமல் மயங்கி விழுகிறவர்கள், அடிக்கிறவர்கள். அவர்களுக்கு பிள்ளையின் பலமும் சிரமமும் பார்க்கிற 25 கேள்வி உள்ள எஸ்.டி.க்யூ. படிவம் தமிழில் கிடைக்கிறது. ஆசிரியர் ஒன்று, பெற்றோர் ஒன்று நிரப்ப வேண்டும். சிரமங்களுக்கான மொத்த மதிப்பெண் 40. ஆசிரியர் படிவத்தில் 16-ஐத் தொட்டாலும், பெற்றோர் படிவத்தில் 17-ஐத் தொட்டாலும் அனுப்புங்கள். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் அதுவே தகவல்: பள்ளியில் மட்டும் சிக்கல் என்றால் பள்ளிக்குள்ளே தேடுங்கள். நற்பண்புக்கான அஞ்சு கேள்வியை அந்த மொத்தத்தில் கூட்டக்கூடாது, நிறையப் பேர் கூட்டிவிட்டுப் பயந்துபோகிறார்கள். மயங்கி விழுகிற பெண் பிள்ளை என்றால் முதலில் ரத்தசோகை பாருங்கள், காலையில் சாப்பிட்டாளா பாருங்கள், பிறகு மனசு.

இன்னொன்று. வகுப்பு நடக்கும்போது ஆயம்மாவை அனுப்பி "கவுன்சிலிங்குக்குக் கூப்பிடுறாக" என்று கூப்பிடாதீர்கள். அன்று சாயங்காலமே அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் ஒரு பட்டப்பெயர் தயார். விளையாட்டு நேரத்துக்கு முன்னால், நோட்டு வாங்கிவரச் சொல்கிற மாதிரி கூப்பிட்டால் போதும்.

வளமையத்து ஆள்:

கயிறு விஷயத்தில் ஹெச்.எம். சார் சொன்னதே சரி. ஒன்று விட்டுப்போனது: சான்று கையில் வரும்வரை வகுப்பில் ஒன்றும் செய்யாமல் இருக்காதீர்கள். வாய்மொழியாகப் பதில் வாங்குவதற்கும், எல்லோர் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்லாமல் இருப்பதற்கும், எழுத்துப் பெரிதாக இருக்கிற தாள் கொடுப்பதற்கும் எந்தச் சான்றும் தேவையில்லை. வாசிப்பு நேரத்து வயிற்றுவலி ஒரு வாரத்திலேயே குறையும், குறைந்தால் அதையும் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கரும்பலகை:

அம்மாவிடம் போனில் பேசிவிட்டேன், கடிதம் அனுப்புகிறேன் என்றார். பொங்கல் லீவில் வருகிறாராம், அந்த வாரத்தை ஒட்டித் தேதி கேட்கிறேன். கடைசியாக ஒன்று: இங்கிலீஷ் நோட்டும் பையில் வைக்க வேண்டுமா? அதில் அவன் எதுவுமே எழுதவில்லை.

வட்டமும் சதுரமும்:

வையுங்கள். காலிப் பக்கம் எத்தனை, எந்த மாதத்திலிருந்து காலி என்று பார்ப்பேன்.